பனியில் கிளம்பாத எஞ்சின்: பிழை யாருடையது?

லடாக்கின் லே நகரில் சனவரி மாதக் காலைகளில் வெப்பநிலை மைனஸ் 15, மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவது புதிதன்று. அந்த நேரத்தில் பழைய டீசல் ஜீப் ஒன்று கிளம்ப மறுத்தால், சமவெளியிலிருந்து வந்த பயணி இரண்டில் ஒன்றைச் செய்வார். வண்டியை ஒழுங்காகப் பராமரிக்கவில்லை என்று ஓட்டுநரைப் பழிப்பார். அல்லது, அந்த ஓட்டுநர் எஞ்சினுக்கு அடியில் ஸ்டவ்வைப் பற்றவைத்து வண்டியை எழுப்பிவிட்டால், 'ஜுகாட்' என்று வியந்து படம் எடுத்துக்கொள்வார். ஆய்வாளர்களுக்கும் இந்த இரண்டாவது பழக்கம் உண்டு. பழிப்பும் வியப்பும் எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: வண்டி கிளம்புவதும் கிளம்பாததும் ஒரு தனிமனிதரின் திறமையைப் பொறுத்தவை என்னும் அனுமானம். அந்த அனுமானமே தவறு. குளிரில் எஞ்சின் கிளம்புமா என்பதில் பெரும்பகுதி, ஓட்டுநர் சாவியைத் தொடுவதற்கு வெகு முன்பே, அவர் இல்லாத அறைகளில் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகச் சுருக்கும்போது எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. பழைய எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருப்பதால் சுருங்கும் காற்றில் ஒரு பகுதி கசிந்துவிடும். மீதியின் வெப்பத்தைக் குளிர்ந்த இரும்புச் சுவர்கள் உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சினை வேகமாகச் சுழற்றினால் இந்த இழப்புகள் குறையும். ஆனால் சுழற்ற வேண்டிய பேட்டரி, மைனஸ் 18 டிகிரியில் தன் வலுவில் ஏறக்குறைய பாதியைத்தான் தருகிறது. மின்னேற்றம் முழுதும் இறங்கிய பேட்டரியாயின் மைனஸ் 10 டிகிரிக்கு அருகிலேயே உள்ளிருக்கும் அமிலநீர் உறைந்து பெட்டி வெடிப்பு விடும். போதாக்குறைக்கு, 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

இவை இயற்கை விதித்தவை. மனிதர் விதித்தவை வேறு.

இந்திய டீசலுக்கான தர வரையறை ஐஎஸ் 1460. டீசல் எந்த வெப்பநிலை வரை ஊற்றக்கூடிய நிலையில் இருக்க வேண்டும் என்பதற்கு அது வகுத்துள்ள எல்லை, கோடையில் 15 டிகிரி, குளிர்காலத்தில் 3 டிகிரி. மைனஸ் மூன்று அன்று. உறைநிலைக்கு மேலே மூன்று. குளிர்காலம் எனப்படுவது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. சமவெளிக்கு இது போதும். டீசலில் கரைந்திருக்கும் மெழுகு குளிரில் படிகமாகி வடிகட்டியை அடைக்கும். மைனஸ் 20 டிகிரியில் இரவு முழுதும் நின்ற வண்டியின் குழாயில் பாய்வதற்கு எதுவும் மிஞ்சாது. மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்கில் அறிமுகப்படுத்தியது 2019 நவம்பரில். அப்பகுதியில் டீசல் வண்டிகள் ஓடத் தொடங்கியதோ பல பதிற்றாண்டுகளுக்கு முன்பு. இடைப்பட்ட காலம் முழுவதும் குளிரைச் சமாளித்தது டீசலில் ஊற்றிய மண்ணெண்ணெய்.

மானிய மண்ணெண்ணெய் டீசலில் கலக்கப்படுவதைத் தடுக்கத்தான் ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் ஏற்றப்பட்டது. இலாபத்துக்காகக் கலப்படம் செய்யும் விற்பனையாளரை நோக்கி எழுதப்பட்ட விதி அது. உறைபனியில் வண்டியை நகர்த்துவதற்காகக் கலந்தவரையும் அதே சந்தேகப் பார்வை தொட்டது. மண்ணெண்ணெய்க்கு வழவழப்பு குறைவாதலால் எரிபொருள் பம்ப் தேயும் என்பதும் உண்மை. அந்தத் தேய்மானச் செலவை ஏற்றவர் வண்டிக்காரர்தான்.

எஞ்சின் ஆயிலின் கதையும் இதற்கு நெருங்கியது. ஆயில் டப்பாவில் காணப்படும் 'டபிள்யூ' என்னும் எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது. 20டபிள்யூ வகை ஆயில், எஞ்சின் சுழல்வதற்குத் தடையாக இராது என்று சோதிக்கப்படுவது மைனஸ் 15 டிகிரியில். 5டபிள்யூ வகைக்கு அச்சோதனை மைனஸ் 30 டிகிரியில். நாடெங்கும் பழைய வண்டிகளுக்குப் பழக்கமாக ஊற்றப்படும் 20டபிள்யூ-40, லேயின் கடும் காலை ஒன்றில் தன் எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஸ்டவ்வின் வேலை இங்கேதான். அது எண்ணெய்த் தொட்டியைச் சூடாக்கி, கூழாகிப்போன ஆயிலை இளக்குகிறது. கசிவுள்ள பழைய எஞ்சினுக்கு அடியில் திறந்த தீ வைப்பது எத்தனை ஆபத்தானது என்பதை வைப்பவரை விட யாரும் நன்கு அறியார்; கையில் வேறு ஆயில் இல்லை என்பதால்தான் வைக்கிறார்.

குளிர்நாட்டு ஓட்டுநரின் வேலை உண்மையில் முந்தைய மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. வண்டியைச் சரிவில், முகப்பு கீழ்நோக்கி இருக்குமாறு நிறுத்துவது. இயன்றால் காலை வெயில் முதலில் விழும் இடத்தில். ஈரமான பிரேக் உறைந்து பிடித்துக்கொள்ளும் என்பதால் கைப்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைப்பது. ரேடியேட்டரில் உறைதடுப்பி கலக்காதவர் நீரை வடித்துவிட்டு, காலையில் வெந்நீர் ஊற்றுவது. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய், புகாரி அடுப்பு எரியும் அறையில் வைப்பது. காலையில் குளோ பிளக்கை இருமுறை, மும்முறை சூடேறவிட்ட பிறகே ஸ்டார்ட்டரைத் தொடுவது. குளோ பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் தெளித்தால் வெடிக்கக்கூடும் என்பதும் இப்பாடத்தின் பகுதியே. மேலே சொன்ன இழப்புகள் ஒவ்வொன்றுக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. வெப்ப இயக்கவியலை இத்தனை ஒழுங்காகப் பயன்படுத்துபவரின் அறிவை 'அனுபவம்' என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டு, பட்டயப் படிப்புக்கு மட்டும் 'பொறியியல்' என்று பெயர் கொடுப்பது சோம்பல்.

டேவிட் எட்ஜெர்ட்டன் 'தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்' நூலில், தொழில்நுட்ப வரலாற்றைப் புதிய கண்டுபிடிப்புகளைக் கொண்டு எழுதாமல், புழக்கத்தில் இருக்கும் பொருள்களைக் கொண்டு எழுத வேண்டும் என்று வாதிட்டார். பழைய ஜீப்புக்கு அது நன்கு பொருந்தும். இயந்திர பம்ப் கொண்ட பழைய டீசல் வண்டி, பேட்டரி செத்துவிட்டாலும் சரிவில் உருட்டிவிட்டால் கிளம்ப வாய்ப்புண்டு. மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் புதிய வண்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. மின்சாரம் இல்லையேல் அதன் எரிபொருள் ஊசி திறப்பதே கிடையாது. 'பழையதை மாற்று' என்பதே முழு விடை என்று நம்புவோர், சாலை மூடிய ஒரு கிராமத்திலிருந்து பேறுவலி கண்ட பெண்ணை இரவு இரண்டு மணிக்கு லேக்கு அழைத்துச் செல்ல வேண்டியவரின் இடத்திலிருந்து அந்த விடையைச் சரிபார்க்கட்டும்.

கேட்க வேண்டியவை பெரியவை அல்ல. பங்க்கில் உள்ள டீசல் எந்த வகை, எந்த மாதம் இருப்பு வைக்கப்பட்டது என்று எழுதி ஒட்டுவது. 5டபிள்யூ ஆயில் உள்ளூர்க் கடையில் கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பது. இமயப் பகுதிக்கென்று தர வரையறையில் குளிர்காலத்தைத் தனியே வகுப்பது. மார்ச் மாதத்து லே, தில்லியின் மார்ச் அன்று. பின்லாந்திலும் கனடாவின் குளிர்ப் பகுதிகளிலும் வண்டி நிறுத்துமிடங்களில் எஞ்சின் வெப்பமூட்டிக்கென மின்செருகிகள் நெடுங்காலமாக உள்ளன. ஸ்ரீநகரிலிருந்து லேக்கு உயர் அழுத்த மின்தடம் 2019இல் வந்துவிட்டது. 500 வாட் வெப்பமூட்டி இரண்டு மணி நேரம் ஓடினால் ஆகும் மின்சாரம் ஒரு யூனிட். தெருவோரம் வண்டி நிறுத்தும் ஓட்டுநருக்கு அந்தச் செருகி எங்கே அமையும், அந்த ஒரு யூனிட்டுக்கு யார் பணம் கட்டுவார் என்பதை நகர நிர்வாகமும் லடாக்கின் பல்கலைக்கழகமும் ஓட்டுநர் சங்கங்களை எதிரே உட்காரவைத்துப் பேசலாம். அடுத்த நவம்பருக்கு இன்னும் நேரமிருக்கிறது.