இளவரசிப் பட்டமும் ஏழை வயிறும்

கோடைக்கானலுக்கு ‘மலைகளின் இளவரசி’ என்று பட்டம் சூட்டி, மே மாதந்தோறும் பிரையண்ட் பூங்காவில் மலர்க்காட்சி நடத்துகிறது சர்க்கார். பூவை நாம் வெறுக்கவில்லை. ஆனால் 2024-ல் ஒரு மலையாளப் படம் வந்ததும் குணா குகைக்கு ஜனத்திரள்! நெரிசலைக் கண்ட ஐகோர்ட் இ-பாஸ் விதித்தது. 2025 ஏப்ரலில் நாளொன்றுக்கு 4000, வாரக் கடைசியில் 6000 வண்டி என்று வரம்பும் கட்டியது.

மலை மூச்சுவிடட்டும் என்பார் ஒரு சாரார். வரும்படி போச்சே என்பார் ஏரிக்கரைக் குதிரைக்காரரும் சோளம் சுட்டு விற்பவரும். இருவர் பேச்சிலும் நியாயமுண்டு.

இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை இதே மலையில் பாதரசத்தைக் கொட்டியது. 2001-ல் அது மூடப்பட்டது. 591 தொழிலாளருக்கு ஒப்பந்தம் வர 2016 ஆயிற்று! எந்த விளம்பரத் தட்டியில் இதை எழுதினார்கள்?

வண்டிக்கு வரம்பு கட்டியவர்கள், சீசனற்ற மாதங்களில் குதிரைக்காரருக்கும் தெருக்கடைக்காரருக்கும் நிவாரணம் தரவேண்டும் என்று கேட்கிறோம்.