ஊர் சொல்லும் கதை: பூட்டிய அறையிலிருந்து ஒரு குரல்!

14 வயதில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? ஒன்பதாம் வகுப்பு, டியூஷன், தோழிகளோடு அரட்டை... அப்படித்தானே! ஹில்டெகார்ட் என்ற சிறுமியை அந்த வயதில் ஒரு மடத்து அறைக்குள் வைத்து அடைத்துவிட்டார்கள். 1112-ம் ஆண்டு, நவம்பர் 1-ம் தேதி அது.

ஜெர்மனியின் ரைன்லாந்து-பலாட்டினேட் மாநிலத்தில் இருக்கிறது ஓடர்ன்ஹைம் என்ற சின்ன கிராமம். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். க்ளான் ஆறு நாஹே ஆற்றோடு சேரும் இடத்தில் ஒரு குன்று. பெயர் டிசிபோடன்பெர்க். அயர்லாந்திலிருந்து வந்த டிசிபோட் என்ற துறவி தங்கிய இடம் என்பதால் இந்தப் பெயர். அங்கே இருந்த பெனடிக்டின் ஆண்கள் மடத்தை ஒட்டித்தான் அந்த அறை.

கூட இருந்தவர் யூட்டா. ஹில்டெகார்டைவிட ஆறு வயது மூத்த பிரபு குலப் பெண். இனி உலகத்துக்கு இவர்கள் இறந்தவர்கள் என்பதுதான் அந்தச் சடங்கின் அர்த்தம். ஜெபம், பாட்டு, படிப்பு என்று 24 வருடங்கள் ஓடின. இதற்கிடையே வேறு பெண்களும் வந்து சேர்ந்தார்கள். 1136-ல் யூட்டா இறக்க, அந்தப் பெண்களுக்குத் தலைவியானார் ஹில்டெகார்ட்.

சின்ன வயதிலிருந்தே அவருக்குக் காட்சிகள் தோன்றும். பயந்து வெளியே சொல்லவில்லை. 42 வயதில்தான் எழுத ஆரம்பித்தார். அதைப் போப் மூன்றாம் யூஜினே அங்கீகரிக்க, புகழ் பரவியது.

அப்போதுதான் சிக்கல் வெடித்தது. ‘பெண்களுக்கென்று தனி மடம் கட்டிக்கொண்டு போகிறோம்’ என்றார் ஹில்டெகார்ட். மடத்தின் தலைவர் கூனோ மறுத்தார். ஹில்டெகார்டால் மடத்துக்குப் பெயர் கிடைத்தது. பெண்களோடு சீர்வரிசைபோல நிலமும் சொத்தும் வந்திருந்தன. யார்தான் விடுவார்கள்?

ஹில்டெகார்ட் நோயில் விழுந்தார். படுக்கையில் கல்லாகக் கிடந்த அவர் தலையை கூனோவே தூக்கிப் பார்த்தும் அசைக்க முடியவில்லை என்கிறது அவரது வாழ்க்கை வரலாறு. கடைசியில் இறங்கிவந்தார் கூனோ. 1150 வாக்கில் சுமார் 20 பெண்களோடு பிங்கன் நகருக்கு அருகே ரூபர்ட்ஸ்பெர்க்குக்குக் கிளம்பினார் ஹில்டெகார்ட். அதோடு விட்டாரா? சொத்தில் தங்கள் பங்கைக் கேட்டு வாதாடி, 1158-ல் அதையும் எழுதி வாங்கினார்!

81 வயதுவரை வாழ்ந்து மூலிகைகள், மருத்துவம் பற்றி எழுதினார். 70-க்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இசையமைத்தார்.

டிசிபோடன்பெர்க் மடம் 1559-ல் மூடப்பட்டது. ஊர்க்காரர்கள் வீடு கட்ட அதன் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். இன்று குன்றின் மேல் மரங்களுக்கு நடுவே இடிந்த சுவர்கள்தான் மிச்சம். ரூபர்ட்ஸ்பெர்க் மடமும் 1632-ல் போரில் எரிந்தது.

2012-ல் கத்தோலிக்கத் திருச்சபை ஹில்டெகார்டுக்கு ‘மறைவல்லுநர்’ பட்டம் கொடுத்தது. அதுவரை அந்தப் பட்டம் பெற்ற பெண்கள் மூன்றே பேர்.

அவரைப் பூட்டிய சுவர் இடிந்துவிட்டது. அவர் பாட்டு இன்று உங்கள் மொபைலிலேயே கிடைக்கிறது. இன்றைக்கு ராத்திரி ஒரு ஐந்து நிமிஷம் கேட்டுப் பாருங்களேன்!