நீதி திறந்தது, அச்சம் அடைத்தது!



1935-இல் அடையாற்றில், பிரம்மஞான சபையின் வைரவிழாவில் ருக்மிணி தேவி ஆடினார். இசைவேளாளர் மகளிர் வளர்த்த சதிரை மேட்டுக்குடிப் பெண் ஆடுவதா என முகம் சுளித்தது பழமை. அம்முகச்சுளிப்புக்கு அஞ்சி அன்று திரையை இறக்கியிருந்தால், 1936-இல் கலாக்ஷேத்திரம் தோன்றியிருக்குமா?

அடையாறு அஞ்சவில்லை, தில்லி அஞ்சியது!

‘பாரத மாதா’ ஓவியத்திற்காக எம்.எஃப். உசேன் மீது தொடரப்பட்ட வழக்குகளை, 2008 மே 8-இல் தில்லி உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால், ஆகஸ்டில் அதே தில்லியில் உலகத்தார் காணக் கடைவிரித்த ‘இந்தியா ஆர்ட் சம்மிட்’ கலைச்சந்தையில் உசேன் ஓவியத்திற்கு இடமில்லை! அரசு தடுத்ததா? இல்லை. கலகக்காரர் வருவர் என்ற அச்சமே போதுமாயிற்று! மறு ஆண்டும் அதே கதை. 2010-இல் கத்தார் குடிமகனான அம்முதியவர், 2011-இல் இலண்டனில் கண்மூடினார்.

தில்லித் தீர்ப்பை எழுதிய சஞ்சய் கிஷன் கவுல், 2016-இல் சென்னைத் தலைமை நீதிபதியாக, பெருமாள்முருகனை மீண்டும் எழுதச் சொன்னார். ஆயினும், ஏட்டில் தீர்ப்பிருந்து பயனென்ன, சுவரில் ஓவியமில்லையேல்?

பிடிக்காத படைப்பை மறுத்துப் பேசுவோம், எழுதுவோம். ஆனால், அகற்று என மிரட்டும் கை நம் கொடியையே ஏந்தியிருந்தாலும், அதைத் தடுக்கும் முதற்கை நமதாகட்டும்!