பழம் விட்டவர்கள் மறுபடி காய் விட்டது ஏன்?



ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் சோவியத் ரஷ்யாவும் பரம எதிரிகள். ஆனா 1939 ஆகஸ்ட் 23-ல் மாஸ்கோவில் திடீர்னு பழம் விட்டுக்கிட்டாங்க. பத்து வருஷத்துக்கு ஒருத்தரை ஒருத்தர் தாக்கக் கூடாது என்று ஒப்பந்தம். அதில் ஒரு ரகசியமும் இருந்தது. நடுவில் இருக்கிற போலந்தை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கணும்!

செப்டம்பர் 1-ல் ஜெர்மனி மேற்கிலிருந்து நுழைந்தது. 17-ல் ரஷ்யா கிழக்கிலிருந்து நுழைந்தது. போலந்து காணாமல் போனது. அப்புறம் ரெண்டு படைக்கும் நடுவில் தடுப்பே இல்லை.

ரஷ்யா தானியமும் எண்ணெயும் அனுப்பிக்கிட்டே இருந்தது. ஆனாலும் 1941 ஜூன் 22 விடியற்காலையில் ஜெர்மன் படை ரஷ்யாவுக்குள் புகுந்துவிட்டது. பத்து வருஷ ஒப்பந்தம் ரெண்டு வருஷம்கூட தாங்கவில்லை. அந்தப் போரில் சோவியத் மக்கள் மட்டும் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர் இறந்தார்கள்.

ஹிட்லர் துரோகி என்று எல்லோரும் சொல்கிறோம். அது உண்மைதான். ஆனால் போலந்தைப் பங்கு போட்டபோது ஸ்டாலினும் கூடத்தானே இருந்தார்? அடுத்தவர் பொருளைப் பிடுங்கச் சேர்ந்தவர்கள் நண்பர்கள் இல்லை, கூட்டாளிகள். பங்கு முடிந்ததும் அடுத்த கண் கூட்டாளி மேலேதான் விழும்.

நம்ம வகுப்பிலும் மூணாவது ஆளை ஒதுக்கி வைக்கிறதுக்காக ரெண்டு பேர் பழம் விட்டா, அது எத்தனை நாளைக்கு? யோசித்துப் பாருங்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி