பழந்துணி நம் கையில், பெயர் யார் கையில்?

பழைய துணிக்கு இன்று புது மரியாதை வந்திருக்கிறது. கிழிந்த ஜீன்ஸை வெட்டிப் பை தைக்கிறார்கள். பாட்டியின் பட்டுப்புடவையைக் கோட்டாக மாற்றுகிறார்கள். கட்டிங் வேஸ்டை ஒட்டுப்போட்டுச் சட்டையாக்குகிறார்கள். கழித்த பொருளை அதைவிட மதிப்புள்ள பொருளாக மாற்றும் இந்த வேலைக்கு அப்சைக்கிளிங் என்று பெயர். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவிலும் வெளிநாட்டுப் பயணிகளை நம்பியிருக்கும் சில கடைகளில் இத்தகைய பைகளும் சட்டைகளும் தொங்குகின்றன. செங்கல்பட்டு மாவட்டத்தில் நாங்கள் சந்திக்கும் கல்லூரி மாணவிகளும், தாம்பரம் மெப்ஸில் ஏற்றுமதி ஆடை தைத்துவிட்டு வீடு திரும்பும் தங்கைகளும் எங்களிடம் கேட்கிறார்கள்: "இதையே நாம் சொந்தமாகச் செய்தால் என்ன? நமக்கென்று ஒரு பிராண்ட் வேண்டாமா?"

வேண்டும் என்பதே எங்கள் பதில். ஆனால் தோழர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். பிராண்ட் என்பது முதலாளியின் சொல், சாதி ஒழிப்பு இயக்கத்துக்கு அதில் என்ன வேலை என்கிறார்கள். இந்தக் கேள்வியை ஒதுக்கித் தள்ள முடியாது. அதற்குப் பதில் சொல்லவே இந்தக் கட்டுரை.

பழைய துணி நமக்கு யாரோ புதிதாகக் கண்டுபிடித்துத் தந்த ஃபேஷன் இல்லை. அது நம்மீது சுமத்தப்பட்ட சட்டம். சண்டாளர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் இறந்தவரின் துணியைத்தான் உடுத்த வேண்டும் என்று மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் விதிக்கிறது. ஆண்டையின் வீட்டில் கழித்துப் போட்ட வேட்டியைக் கூலியின் பகுதியாக வாங்கிய தலைமுறை நம் ஊர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால்தான் துணி நம் வரலாற்றில் அடிக்கடி போர்க்களமானது. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி 1859-இல் அரசாணை பெற்றார்கள். 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டுக்கு வந்த பெண்களிடம், தீண்டாமையின் அடையாளமாக இருக்கும் உடுத்தும் முறையைக் கைவிடுங்கள் என்றார் அம்பேத்கர். அவர்கள் அங்கேயே புடவை கட்டும் முறையை மாற்றிக்கொண்டார்கள். 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக் குழு சென்னையில் மேடையேறியபோது அவர்கள் அணிந்திருந்த கோட்டும் சூட்டும் யாரை நினைவூட்டின என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது நிலைமை விசித்திரமாக இருக்கிறது. நாம் உடுத்தினால் ஏழ்மை என்று பெயர் வாங்கிய ஒட்டுத்துணி, வேறொருவர் பெயரில் கடைக்கு வந்தால் கலையாகிறது. துணி அதேதான், தையலும் பெரும்பாலும் நம் பெண்களின் தையல்தான். மாறியது லேபிளில் இருக்கும் பெயர் மட்டும். பெயரை இவ்வளவு அழுத்திப் பேசுவதற்கு அதுவே காரணம்.

இந்தப் பெயர் அரசியலை நன்றாகப் புரிந்துகொண்ட ஒருவர் மும்பையில் இருக்கிறார். சுதீர் ராஜ்பர் ஓவியம் படித்தவர், குடும்பம் உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்தது. 2015-இல் மகாராஷ்டிரா அரசு பசுவதைத் தடையைக் காளைகளுக்கும் எருதுகளுக்கும் நீட்டித்தது. தாராவியின் தலித், முஸ்லிம் தோல் தொழிலாளர்கள் பலர் வேலை இழந்தார்கள். அவர்களோடு சேர்ந்து, தோலுக்குப் பதிலாக மறுசுழற்சி செய்த ரப்பரில் பைகள் செய்யத் தொடங்கினார் ராஜ்பர். அந்த பிராண்டுக்கு அவர் வைத்த பெயர் "சமார்". வட இந்தியாவில் வசையாக வீசப்படும் சாதிப் பெயர் அது. இழிவுபடுத்தும் நோக்கில் ஒருவரை அப்படி அழைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று 2008-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்தச் சொல்லை விலை உயர்ந்த பையின்மேல் பொறித்து, வாங்குகிறவரே அதை மரியாதையோடு உச்சரிக்கும்படி செய்தார். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் டிசைன் மயாமி கண்காட்சியில் சமார் நாற்காலிகள் இடம்பெற்றன. பறை என்ற சொல்லை நாம் தமிழ்நாட்டில் எப்படி மீட்டெடுத்தோமோ, அதே வேலை அங்கே ஒரு பையின் வழியே நடந்தது.

மும்பையிலிருந்து அதிகத் தூரமில்லாத கோலாப்பூரில் கதை வேறு மாதிரி போனது. கோலாப்பூரி செருப்புக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகாராஷ்டிராவிலும் கர்நாடகாவிலும் தலைமுறை தலைமுறையாக அதைச் செய்துவருபவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். 2025 ஜூனில் இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலான் மேடையில் ஏறக்குறைய அதே செருப்பை வெறும் தோல் செருப்பு என்று காட்டியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே அதன் இந்திய மூலத்தை ஒப்புக்கொண்டது. பொதுநல வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, குறியீட்டின் பதிவு பெற்ற உரிமையாளர்கள்தான் வழக்குத் தொடுக்க முடியும் என்று மனு தள்ளுபடியானது. பதிவு பெற்ற உரிமையாளர்கள் யார்? இரு மாநில அரசுகளின் தோல் வளர்ச்சிக் கழகங்கள். செருப்புத் தைத்தவரின் பெயர் எந்தக் காகிதத்திலும் தனியாக இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் கழகங்களோடு பிராடா ஒப்பந்தம் போட்டது, 2,000 ஜோடி செய்யப்படும் என்று அறிவிப்பும் வந்தது. நல்லதுதான். ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தது காகிதம் வைத்திருந்தவர்கள்தான்.

காகிதத்தின் அருமை செங்கல்பட்டு மண்ணுக்குத் தெரியாததா? 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்ஹீர் இங்குள்ள பறையர் மக்களின் நிலைமை குறித்து அறிக்கை எழுதினார். மறு ஆண்டு பஞ்சமி நில ஆணை வந்தது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே கைமாற வேண்டும் என்ற நிபந்தனையோடு நிலம் கொடுக்கப்பட்டது. அந்த நிலம் எப்படியெல்லாம் பிறர் பெயருக்கு மாறியது என்பது நமக்குத் தெரியும். மாமல்லபுரத்துக்கு அருகில் உள்ள காரணையில் அதை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். உழைப்பு நம்முடையதாக இருந்தும் பட்டா வேறொருவர் பெயரில் இருந்தால் என்ன ஆகும் என்பதை இதைவிட யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிராண்ட் பெயர் என்பதும் ஒரு பட்டாதான். அதனால்தான் அதை முதலாளியின் சொல் என்று விட்டுக்கொடுக்க நாங்கள் தயாராக இல்லை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கே கிழிந்த வேலை உடுப்புகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைத்தார்கள், குளிருக்காக. 1966-இல் அந்தப் பகுதிப் பெண்கள் ஃப்ரீடம் குயில்ட்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். பெயரிலேயே விடுதலையை வைத்தார்கள். போர்வை விற்ற பணத்தில் நிலம் வாங்கினார்கள். வாக்காளராகப் பதிவு செய்ததற்காக வெள்ளை நிலவுடைமையாளர்கள் வெளியேற்றிய குடும்பங்களுக்கு அதில் மனை கொடுத்தார்கள். 2002-இல் அவ்வூர்ப் போர்வைகள் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் ஏறின. 2006-இல் அஞ்சல் தலையிலும் வந்தன. ஆனால் மறு ஆண்டே, தங்கள் வடிவங்களை வைத்துப் பிறர் சம்பாதித்ததில் தங்களுக்கு உரிய பங்கு வரவில்லை என்று அவ்வூர்ப் பெண்கள் சிலர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. கூட்டாக நின்று பெயரைத் தங்களிடம் வைத்திருந்தபோது துணி நிலமாக மாறியது. புகழ் வந்தபோது உரிமை எழுதப்படாமல் இருந்ததால் வழக்காக மாறியது. நாம் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சரி, சொந்தமாகத் தொடங்க நினைக்கும் தங்கை, தம்பி முதலில் என்ன செய்வது?

முதலில் கணக்கு. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு பைக்கு மூன்று மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். துணியைப் பிரித்து, துவைத்து, தையலை உருவி, இஸ்திரி போட ஒன்றரை மணி நேரம். வெட்டித் தைக்க ஒன்றரை மணி நேரம். மணிக்கு 75 ரூபாய் என்றால் கூலி 225. ஜிப், உள்துணி, நூல், மின்சாரம், மெஷின் தேய்மானம் 75. அடக்கம் 300 ரூபாய். கடைக்காரர் 40 சதவீதம் கமிஷன் கேட்டால், 600 ரூபாய்க்கு விற்றாலும் நம் கைக்கு வருவது 360. மிச்சம் 60 ரூபாய்தான். இதில் பீஸ் ரேட் பேசும் இடங்களில் எது காணாமல் போகிறது என்று பாருங்கள். தைத்த ஒன்றரை மணி நேரத்துக்குக் கூலி வரும். பிரித்த, துவைத்த ஒன்றரை மணி நேரம் கணக்கிலேயே வராது. அழுக்கைத் தொடும் வேலைக்குக் கூலி இல்லை என்பது பழைய சாதிக் கணக்கு. நம் விலைப்பட்டியலில் அது நுழையக் கூடாது.

இரண்டாவது காகிதம். வணிகக் குறியைத் தனிநபர் இணையவழியில் பதிவு செய்ய ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். ஆடை 25-ஆம் வகுப்பு, பைகள் 18-ஆம் வகுப்பு. பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். முதல் ஆர்டர் வந்த மகிழ்ச்சியில் லோகோவுக்குச் செலவழிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். கூட்டாகத் தொடங்கினால் பெயர் யாருடையது, பிரிந்தால் யாருக்கு என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முதலீட்டுக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீத மூலதன மானியம், 6 சதவீத வட்டி மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். இது யாரும் போடும் பிச்சை அல்ல, நம் உரிமை.

மூன்றாவது கதை. இப்போதெல்லாம் பொருளோடு கதையும் விற்க வேண்டும் என்கிறார்கள். நம் கண்ணீரைத்தான் முதலில் கேட்பார்கள். குடிசையின் முன் நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். பரிதாபத்தால் வாங்குகிறவர் ஒருமுறை வாங்குவார். வடிவம் பிடித்து வாங்குகிறவர் திரும்ப வருவார். உங்கள் கதை உங்கள் வேலைப்பாட்டில் இருக்கட்டும். சாதி அடையாளத்தைப் பெயரில் வைப்பதா வேண்டாமா என்பதும் உங்கள் முடிவு. ராஜ்பர் வைத்தார் என்பதற்காக எல்லோரும் வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பொருளைக் காட்டும் இணையத்திலேயே வசையும் வரும் என்பதை எண்ணி, துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். "இதை முன்னாடி யார் உடுத்தினாங்க?" என்று வாடிக்கையாளர் கேட்பார். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கோட்டை விண்டேஜ் என்று வாங்குகிறவர்கூட இதைக் கேட்பார். துணி சுத்தமாக இருக்கிறதா என்பது நியாயமான கேள்வி, துவைத்த முறையைச் சொல்லுங்கள். யாருடைய உடம்பில் இருந்தது என்பது தீட்டின் கேள்வி. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விற்கும் இடத்திலேயே பேசிப் புரியவைக்க முடிந்தால், அந்தச் சின்னக் கடையும் ஓர் அரசியல் வகுப்புதான்.

இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 78 லட்சம் டன் துணிக் கழிவு சேருகிறது, உலகக் கழிவில் 8.5 சதவீதம் என்று ஃபேஷன் ஃபார் குட் அமைப்பின் 2022 அறிக்கை சொல்கிறது. இதைத் தெருத்தெருவாகச் சேகரிப்பவர்கள் யார்? பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்துச் சுமந்து திரியும் பெண்கள், குப்பையில் பிரித்தெடுக்கும் தூய்மைப் பணியாளர்கள். நம் துணியையே துவைத்து, நம்மாலும் ஒதுக்கப்பட்ட புதிரை வண்ணார்களுக்கு நல வாரியம் அமையவே 2009 வரை ஆனது. நாளை நம் பெயரில் பிராண்ட் வந்து, இவர்களுக்கு நாம் கிலோ கணக்கில் அடிமாட்டு விலை கொடுத்தால், ஆண்டையின் நாற்காலியில் ஆள் மட்டும்தான் மாறியிருக்கும். முகம் சுளித்த தோழர்களின் அச்சம் இந்த இடத்தில் நியாயமானது. அதற்கான மருந்து பெயரை மறுப்பதில் இல்லை, பெயரைப் பங்கிடுவதில் இருக்கிறது. சேகரித்தவர், துவைத்தவர், வெட்டியவர், தைத்தவர் எல்லோருக்கும் லாபத்தில் என்ன பங்கு என்பது முதல் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

தாம்பரத்திலும் மறைமலைநகரிலும் கல்பாக்கத்திலும் தையல் மெஷின் இருக்கும் வீடுகள் நம் தெருக்களில் ஏராளம். இந்தக் கோடை விடுமுறையில் நாலைந்து பேர் சேர்ந்து பத்துப் பை தைத்துப் பாருங்கள். பதினொன்றாவது பையைத் தைப்பதற்கு முன், பெயர் யாருடையது, பங்கு யாருக்கு என்று ஒரு தாளில் எழுதுங்கள். சட்ட உதவியும் கணக்கு உதவியும் தேவைப்பட்டால் வாருங்கள், சேர்ந்து உட்காருவோம்.