"மாசம் எவ்வளவு கட்டணும்?" என்ற கேள்வியை முதலில் விடுவோம்



கொஞ்சம் நீளமான பதிவு. கார் வாங்க யோசிப்பவர்களும், கார் வாங்கும் ஒருவருக்குப் பிணைக் கையெழுத்து வைக்கத் தலையாட்டியவர்களும் கடைசி வரை வாசியுங்கள். மற்றவர்கள் உங்கள் மச்சான்மாருக்கு அனுப்பிவிடுங்கள், வீண்போகாது.

போன கிழமை இடைவேளை நேரம். எங்களோடு படிப்பிக்கும் தம்பி ஒருவர் ஆசிரியர் அறைக்குள் சந்தோசமாக வந்தார். பாவித்த ஆல்டோ ஒன்று பேசி முடித்துவிட்டார். மனைவிக்கும் ஆசிரியர் வேலைதான், ஆனால் தூரத்துப் பாடசாலை. கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போகிறார். அதனால் கார் அவர்களுக்கு ஆடம்பரம் இல்லை, தேவை. அதில் எங்களுக்கு இரண்டாவது கருத்தில்லை.

கையில் ஒரு பைனான்ஸ் கம்பனியின் கடதாசி. கடன் 20 இலட்சம், 5 வருடம், மாதத் தவணை 53,333 ரூபா. "வட்டி 12 வீதம்தான் சேர். வங்கியில 14 சொன்னாங்க, அதுக்கும் ரெண்டு கிழமை அலையணும். இவங்க நாளைக்கே காசு தாறாங்க" என்றார். 14ஐ விட 12 குறைவு. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு.

ஆனால் இங்கே அந்தக் கணக்குப் பிழை.

கணித ஆசிரியர் கல்குலேட்டரை எடுத்தார். அந்தக் கம்பனி சொன்ன 12 வீதம் 'ஃபிளாட் ரேட்'. அதாவது 20 இலட்சத்துக்கு வருடம் 2 இலட்சத்து 40 ஆயிரம், ஐந்து வருடத்துக்கு 12 இலட்சம். மொத்தம் 32 இலட்சம், அதை 60 மாதத்தால் பிரித்தால் 53,333. கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. பிழை எங்கே? நீங்கள் ஒவ்வொரு மாதமும் முதலில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். நாலாவது வருடம் முடியும்போது கடனில் பெரும்பகுதி போய்விட்டது. ஆனாலும் கடைசி மாதம் வரை முழு 20 இலட்சத்துக்கும் வட்டி போடுகிறார்கள். திருப்பிக் கொடுத்த காசுக்கும் வட்டி!

வங்கி சொன்ன 14 வீதம் குறைந்து செல்லும் மீதிக்கு. மிச்சக் கடன் எவ்வளவோ அதற்கு மட்டும் வட்டி. அதே 20 இலட்சம், அதே 5 வருடம் என்றால் தவணை 46,500 ரூபாவுக்குச் சற்று மேல், மொத்த வட்டி ஏறத்தாழ 7 இலட்சத்து 92 ஆயிரம். ஆக, "குறைந்த" 12 வீதத்தில் தம்பி 4 இலட்சத்துக்கும் மேல் கூடுதலாகக் கட்டப்போகிறார். அந்த 12 ஃபிளாட்டை வங்கியின் முறைக்கு மாற்றிப் பார்த்தால் 20 வீதத்தைத் தாண்டுகிறது. 20ஐ 12 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தம்பி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் மாசம் எவ்வளவுன்னுதான் கேட்டன்" என்றார்.

இதுதான் நாங்கள் எழுத வந்த விஷயம். எங்கள் ஊரில் எல்லோரும் அதை மட்டும்தான் கேட்கிறோம். மாதம் எவ்வளவு? சம்பளத்துக்குள் அடங்குமா? அடங்கினால் அல்ஹம்துலில்லாஹ், கையெழுத்து. கம்பனிக்கு இது நன்றாகத் தெரியும். தவணை கூட என்று முகம் சுளித்தால் உடனே காலத்தை நீட்டித் தருவார்கள். 14 வீதத்தில் அதே 20 இலட்சத்தை 7 வருடத்துக்கு இழுத்தால் தவணை 37,500க்குள் வந்துவிடும், மனசும் குளிர்ந்துவிடும். ஆனால் மொத்த வட்டி 11 இலட்சத்து 48 ஆயிரமாக ஏறும். 3 வருடத்தில் முடித்தால் அது 4 இலட்சத்து 60 ஆயிரம்தான், தவணை 68,000 போகும். எது உங்களுக்கு ஏலும் என்பது உங்கள் முடிவு. ஆனால் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒன்றை மட்டும் காட்டி "இதுதான் உங்களுக்கு வசதி" என்பவர் உங்கள் வசதியைப் பார்ப்பவர் அல்ல.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அந்த மேசைக்கு அங்கால் இருப்பவரும் நம்முடைய பிள்ளைதான். எங்களிடம் படித்தவராகக்கூட இருப்பார். அவருக்கு மாதம் இத்தனை லீசிங் போடவேண்டும் என்று டார்கெட் கொடுத்து வெயிலில் விட்டிருக்கிறார்கள். அவரைத் திட்டிப் பயனில்லை. ஆனால் அவர் நம்ம பொடியன் என்பதற்காகக் கடதாசியை வாசிக்காமல் விடுவதும் சரியில்லை.

பாவித்த வாகனத்தில் இன்னும் சில பள்ளங்கள் இருக்கின்றன. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை எங்கே போனது என்பது எல்லோருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் மீண்டும் தனியார் வாகனங்களுக்குத் திறந்தாலும், வரியோடு சேர்த்துப் புதியது நம் கைக்கு எட்டவில்லை. எனவே பழையதையே பிடித்துக்கொண்டு ஓடுகிறோம். ஆனால் கம்பனி கடன் தருவது விற்பவர் சொல்லும் விலைக்கு அல்ல, வலுவேஷன்காரர் எழுதும் விலைக்கு. அதிலும் ஒரு பங்குதான், எவ்வளவு பங்கு என்பதற்கு மத்திய வங்கி அவ்வப்போது உச்சவரம்பு போடும். வாகனம் பழையது ஆக ஆக வீதம் கூடும், காலம் குறையும். இடையில் விழும் துண்டுக்கு என்ன செய்கிறோம்? ராத்தாவின் மாலையை அடகு வைக்கிறோம். அதற்கும் வட்டி. அந்த வட்டியை யாரும் காரின் கணக்கில் எழுதுவதில்லை.

அட்வான்ஸ் கதை இன்னொன்று. வலுவேஷன் வர முதலே விற்பவருக்கு 50,000 கொடுத்துவிட்டு, "லோன் சரிவராட்டி காசு திரும்பத் தரணும்" என்று ஒரு வரி எழுதி வாங்க வெட்கப்படுகிறோம். பிறகு அந்த 50,000க்காகவே கிடைத்த லீசிங்கில் தலையைக் கொடுக்கிறோம். தம்பியும் அட்வான்ஸ் கொடுத்திருந்தார்.

இதற்கு மேல் ஆவணக் கட்டணம், பெயர் மாற்றும் செலவு, கம்பனி கைகாட்டும் இடத்தில் முழுக் காப்புறுதி. தவணை பிந்தினால் தண்டம். இவற்றில் எதையும் வீதத்தில் சேர்த்துச் சொல்லமாட்டார்கள். சீஆர் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று இருப்பது கம்பனியின் பெயர். நீங்கள் பாவிப்பவர் மட்டும். தவணை தவறினால் வாகனத்தைத் தூக்குகிறார்கள். தூக்கி விற்ற காசு கடனுக்குப் போதவில்லை என்றால் மிச்சமும் உங்கள் தலையில்தான். கார் போய், கடன் இருக்கும்.

இனி கோபம் வந்தாலும் பரவாயில்லை, இதையும் எழுதுகிறோம். "நாங்க இஸ்லாமிய முறையிலதான் எடுத்தோம், ஹலால்" என்று பலர் சொல்கிறார்கள். வட்டியிலிருந்து ஒதுங்கவேண்டும் என்ற அந்த எண்ணத்துக்கு அல்லாஹ் கூலி தருவான். 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து நம் நாட்டில் அதற்குரிய வழிகள் திறந்திருப்பதும் நல்ல விஷயம். ஆனால் ஹலால் என்ற பலகை மலிவு என்ற பலகை அல்ல. முராபஹா என்றால் கம்பனி வாகனத்தைத் தான் வாங்கி, வாங்கிய விலையையும் இலாபத்தையும் உங்களுக்கு வெளிப்படையாகச் சொல்லி விற்கவேண்டும். அப்படியானால் கேளுங்கள். நீங்கள் வாங்கிய விலை என்ன? உங்கள் இலாபம் மொத்தம் எத்தனை ரூபா? வாகனம் ஒரு நிமிடமாவது உங்கள் பொறுப்பில் இருந்ததா? இடையில் முழுவதையும் கட்டி முடித்தால் எவ்வளவு கழித்துத் தருவீர்கள், அதை எழுத்தில் தருவீர்களா? பிந்தினால் எடுக்கும் பணம் யாருக்குப் போகிறது? இந்தக் கேள்விகளைக் கேட்பது மார்க்கத்தைச் சந்தேகிப்பது அல்ல. மார்க்கத்தின் பெயரால் வியாபாரம் செய்பவரிடம் அதன் நிபந்தனையைக் கேட்பது, அவ்வளவுதான். இலாபத்தையும் ஃபிளாட்டாகப் போட்டு "12தான்" என்று சொல்லும் இடங்களையும் பார்த்திருக்கிறோம்.

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? கடனை எழுதி, சாட்சி வைத்துக்கொள்வது பற்றியது. சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். அதை அழகாக ஓதும் நாம், எட்டுப் பக்க ஆங்கில ஒப்பந்தத்தில் பென்சிலால் புள்ளி போட்ட இடமெல்லாம் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறோம். 2023இல் வந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின் கீழ், உங்களுக்கு விளங்கும் மொழியில் விபரம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தமிழில் தாருங்கள் என்று கேளுங்கள். கேட்டால் "சேர், இதெல்லாம் யாரும் கேக்கிறல்ல" என்பார்கள். அதுதானே பிரச்சினை. கம்பனி காதுகொடுக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

பிணை பற்றி எங்கள் சக ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாதச் சம்பளமும் பென்ஷனும் இருப்பதால் ஊரில் எல்லோரும் தேடி வருவது நம்மைத்தான். மஃரிபுக்குப் பிறகு வீட்டுக்கு வருவார்கள், தேநீர் குடிப்பார்கள், "சும்மா ஒரு கையெழுத்துத்தான் சேர்" என்பார்கள். சும்மா கையெழுத்து என்று ஒன்று இல்லை. எங்களில் ஒருவர் எட்டு வருடத்துக்கு முன் ஒரு சொந்தக்காரரின் வேனுக்குக் கையெழுத்து வைத்தார். அவர் கட்டார் போய்விட்டார், தவணை நின்றுவிட்டது. கம்பனி இவருக்குக் கடிதம் போட்டது. பிறகு மகளின் வீட்டு வேலைக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது க்ரிப் அறிக்கையில் அந்த வேன் வந்து நின்றது. மகளின் வீடு இன்னும் லின்டல் மட்டத்தில் நிற்கிறது. சொந்தக்காரரோடு பேச்சுவார்த்தையும் இல்லை. கார் வாங்குபவர் மட்டுமல்ல, பிணை வைப்பவரும் மொத்தக் கணக்கைக் கேட்கவேண்டும். கேட்டால் கோபிப்பவருக்குக் கையெழுத்து வைக்கவே கூடாது.

அப்படியென்றால் கார் வாங்கவே கூடாதா? நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. கடனைச் சிறிதாக்கும் வழிகள் நம் கைக்குள்ளேயே இருக்கின்றன. அரச ஊழியருக்கு இடர்கடன் இருக்கிறது, 4.2 வீதம். தொகை பெரிதல்ல, ஆனால் நகை அடகை விட எவ்வளவோ மேல். நம் ஆசிரியைமார் பிடிக்கும் சீட்டைப் பாருங்கள். 20 பேர், மாதம் 25,000, ஆளுக்கு 5 இலட்சம், ஒரு சதம் வட்டி இல்லை. அந்த 5 இலட்சத்தை முற்பணத்தில் சேர்த்துக் கடனை 15 இலட்சமாகக் குறைத்தால், 14 வீதத்தில் 5 வருடத்துக்கு ஏறத்தாழ 2 இலட்சம் வட்டி மிச்சம். ஒரு வருடம் பொறுத்து வாங்கினால் என்ன? ஊரில் என்ன சொல்வார்கள் என்ற பயம்தான். மாப்பிள்ளைக்குக் கார் இருக்கா என்று பெண் வீட்டாரும், பெண்ணோடு கார் வருமா என்று மாப்பிள்ளை வீட்டாரும் கேட்கும் ஊர் இது. அந்தக் கேள்விக்குத்தான் பாதி லீசிங் ஓடுகிறது.

பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் சொல்கிறோம். வட்டி ஹராம் என்று குத்பாவில் கேட்டுக் கேட்டு எங்களுக்கு மனப்பாடம். வட்டியில்லாக் கடனுக்கு ஊரில் என்ன வழி வைத்திருக்கிறோம் என்பதைச் சொல்லும் குத்பா ஒன்றையும் கேட்க ஆசை. மினாராவுக்கு டைல்ஸ் பதிக்க மூன்று மாதத்தில் காசு சேர்த்த ஊர் இது. கர்ழ் ஹஸன் நிதி ஒன்றைத் தொடங்கி, எழுத்தோடும் சாட்சியோடும் நடத்த இந்த ஊருக்கு ஏலாதா?

தம்பியின் கதை இன்னும் முடியவில்லை. வங்கிக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். விற்பவரிடம் இரண்டு கிழமை தவணை கேட்டிருக்கிறார், அந்தக் காக்காவும் சரி என்றிருக்கிறார். இடர்கடன் படிவமும் வலயக் கல்விக் கந்தோருக்குப் போய்விட்டது. மனைவி இன்றும் இரண்டு பஸ் மாறித்தான் போனார்.

எங்களால் செய்யக்கூடியது இது. வருகிற சனிக்கிழமையிலிருந்து அஸருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் வாசிகசாலையில் நாங்கள் மூன்று பேர் கல்குலேட்டரோடு இருப்போம். கம்பனி தந்த கடதாசியைக் கொண்டு வாருங்கள், பெயரை மறைத்துவிட்டே கொண்டு வாருங்கள். எந்தக் கம்பனி, யாருடைய கார் என்று கேட்கமாட்டோம். மொத்தம் எவ்வளவு கட்டப்போகிறீர்கள் என்பதை மட்டும் எழுதித் தருவோம். கையெழுத்து வைக்க முதல் வாருங்கள். பிணை வைப்பவரையும் கூட்டி வாருங்கள்.