பரீட்சை நின்றால் பிள்ளைக்கு என்ன தரம்?



பால் ஸ்டோரில் தராசு ஒரு நாள் கெட்டுப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். வாளியோடு வரிசையில் நிற்பவரிடம் கிராணியாகிய நான், "உன் நிரையில் சென்ற மூன்று வருடமாக இவ்வளவுதான் பால் வந்திருக்கிறது, இன்றும் உனக்கு இவ்வளவுதான்" என்று கணக்கில் எழுதினால் சும்மா விடுவீர்களா? முன்பு அந்த நிரையை வெட்டியவர் அரைமனத்தோடு வெட்டியிருக்கலாம். இன்று வாளியைச் சுமந்து வந்தவர் வேறு ஆள். என் சட்டையைப் பிடித்துக் கேட்பீர்கள். கேட்கவும் வேண்டும்.

இந்த அநியாயத்தைத்தான் 2020-இல் இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்தார்கள். கொரோனா நோயால் அவ்வாண்டு 'ஏ லெவல்' பரீட்சை நடக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் பரீட்சை அது. ஒவ்வொரு மாணவனுக்கும் என்ன தரம் கிடைத்திருக்கும் என்று ஆசிரியர்கள் எழுதி, வகுப்பில் முதல்வன் முதல் கடைசி வரை வரிசைப்படுத்தியும் அனுப்பினார்கள். பரீட்சைகளை மேற்பார்வை செய்யும் 'ஆஃப்குவால்' என்ற அமைப்போ, பெரிய வகுப்புகளில் ஆசிரியர் எழுதிய தரத்தை ஒதுக்கிவிட்டது. அந்தப் பள்ளி முந்திய ஆண்டுகளில் வாங்கிய தரங்களை எடுத்து, மாணவர்களின் பழைய மதிப்பெண்ணைக் கொண்டு சற்றே திருத்தி, அந்த வரிசைப்படி பங்கு போட்டது. ஆகஸ்டு 13-ஆம் நாள் முடிவு வந்தபோது, ஆசிரியர் கொடுத்த தரங்களில் 100-க்கு 39 இறக்கப்பட்டிருந்தன.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரு பாடத்தில் ஐந்து பேருக்குள் இருந்தால் இந்தக் கணக்கு இல்லை. ஆசிரியர் தரமே நிற்கும். அவ்வளவு சின்ன வகுப்பு யாரிடம் அதிகம்? சம்பளம் கட்டிப் படிக்கும் தனியார் பள்ளிகளிடம். கூட்டம் நிறைந்த அரசாங்கப் பள்ளியில் படித்த ஏழைப் பிள்ளைக்கு வெட்டு! ஸ்காட்லாந்திலும் இதே கதைதான். அங்கே 'ஹையர்' பரீட்சையில், ஆசிரியர் கணித்த தேர்ச்சி விகிதம் ஏழைப் பகுதிகளில் 15 புள்ளி இறங்கியது. வசதி மிகுந்த பகுதிகளில் 7 புள்ளிதான். பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். ஸ்காட்லாந்து அரசாங்கம் ஆகஸ்டு 11-இல் பணிந்தது. இங்கிலாந்து 17-இல் பணிந்தது. ஆசிரியர் தரங்களே திரும்ப வந்தன.

ஆசிரியர் போடுவதெல்லாம் சரி என்று நான் வாதாடவில்லை. 2019-இல் 100-க்கு 25 அளவில் இருந்த உயர்ந்த தரங்கள் அந்த ஆண்டு 38-ஐத் தாண்டிவிட்டன. ஆசிரியருக்கும் பாசம் உண்டல்லவா? ஆகையால் திருத்தம் வேண்டியதுதான். ஆனால் எதைப் பார்த்துத் திருத்துவது? அந்தப் பிள்ளை தன் கையால் எழுதிய பயிற்சிப் பரீட்சைத் தாளை வேறு பள்ளி ஆசிரியர் பார்த்துத் திருத்தட்டும். திருப்தியில்லை என்றால் பிள்ளை நேரே முறையிட வழி இருக்கட்டும். பள்ளியின் பழைய பெயர் இதில் எங்கிருந்து வந்தது?

நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு எஸ்.பி.எம். பரீட்சையை ரத்துச் செய்யாமல் 2021 பிப்ரவரிக்குத் தள்ளிவைத்தார்கள். அது நல்ல காரியம். 2014-இல் யு.பி.எஸ்.ஆர். தாள்கள் வெளியானபோதும் மறு பரீட்சைதான் நடந்தது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் தமிழ்த் தாளையும் மறுபடி எழுதினார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது கொடுமைதான். ஆனாலும் கிடைத்த தரம் அதன் சொந்தத் தரம்.

என்றாலும் தள்ளிவைப்பதோடு எல்லாம் தீர்ந்துவிடாது. நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், கைத்தொலைபேசி ஒன்று. அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கிடைக்கும். தனி அறையும் கணினியும் உள்ள பட்டணத்துப் பிள்ளைக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரே கேள்வித்தாள்! அடுத்த முறை வெள்ளமோ நோயோ வந்து பரீட்சையே நடத்த முடியாமல் போனால்? பெயர்பெற்ற விடுதிப் பள்ளிக்கு ஒரு கணக்கு, நம் பிள்ளைகள் பஸ் ஏறிப் போகும் சாதாரணப் பள்ளிக்கு ஒரு கணக்கு என்று ஆகிவிடக்கூடாது. அப்படி நேர்ந்தால் தரம் எவ்வாறு கொடுக்கப்படும் என்பதைக் கல்வி அமைச்சு இப்போதே எழுதி வெளியிட வேண்டும். கிளைக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.

அதுவரை தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் பள்ளியிலிருந்து கொண்டுவரும் பயிற்சிப் பரீட்சைத் தாள்களை அடுப்பு மூட்ட எடுக்காதீர்கள். சம்பளச் சீட்டுகள் வைத்திருக்கிறீர்களே, அந்த பிஸ்கட் டின்னிலேயே போட்டு வையுங்கள்.